மேலே ஏறாத கியர்

ஜாப் கார்டில் நான் அடித்த அந்த வரிகள் இன்றும் எனக்கு மனப்பாடம். புகார்: கியர் மேலே ஏறவில்லை. சோதனை: ஓட்டிப் பார்த்தாயிற்று, குறை ஏதும் இல்லை. காரணம்: ஓட்டுபவரின் பழக்கம். அதற்குக் கீழே, சர்வீஸ் அட்வைசர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து. பச்சைத் தாள், மூன்று நகல். ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று ஒர்க் ஷாப்புக்கு, ஒன்று கோப்புக்கு. கரமனையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமின் சர்வீஸ் மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரித் தாள்கள் எத்தனை எழுதித் தள்ளியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதிய கையோடு மறந்துவிடுகிற வேலை அது. இந்த ஒரு தாளை மட்டும் மறக்க முடியவில்லை. வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது என் அக்காளின் கணவர் பெயர்.

அத்தான் ஓர் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தார். எங்கள் இரண்டு குடும்பமும் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆயிற்று. வலியசாலைக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குச் சந்தில் அவர்கள் வீடு. எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அத்தானைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால், குறை சொல்லத் தெரியாத மனிதர் என்று சொல்வேன். ஓட்டலில் சாம்பாரில் உப்பு இல்லை என்றால் எல்லோரும் சப்ளையரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள். அத்தான் ஒரு சிட்டிகை உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடிப்பார். தையல்காரன் சட்டைக் கையை நீளமாகத் தைத்துவிட்டால் மடித்துவிட்டுக்கொள்வார். 'போட்டும்டே', போகட்டும் விடு, என்பதுதான் அவருடைய அதிகபட்சக் கோபம். இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டு தான் மட்டும் எல்லாரிடமும் சண்டைக்காரி என்று பேர் வாங்குவதாக அக்காள் சலித்துக்கொள்வாள். அந்த மனிதர் வாழ்நாளில் வாய் திறந்து குறை சொன்ன ஒரே பொருள், என் ஷோரூமில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் கியர்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மகள் படிப்பதற்காக பெங்களூரு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடந்தன. கல்லூரியில் படிக்கும்போதே முன்னால் குனிந்து ஓட்டுகிற ரக வண்டி ஒன்றின் மேல் அவருக்கு ஆசை இருந்திருக்கிறது. அவருடைய அப்பா முறைத்த முறைப்பில் அது அடங்கிப்போனது. ஒரு நாள் என்னைப் பார்க்க ஷோரூமுக்கு வந்தவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கருநீல ஸ்போர்ட்ஸ் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல். ஏறி உட்காருங்கள் என்று நான்தான் சொன்னேன். அக்காளிடம் பேசியதும் நான்தான். தலை நரைத்த பிறகு படுத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டியா என்று அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மனிதர் ஒரே ஒரு விஷயத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறார், அதையும் கெடுக்காதே என்று நான் வக்காலத்து வாங்கினேன். கடைசியில் அவளே அர்ச்சனைத் தட்டோடு வந்து வண்டிக்கு மாலை போட்டாள்.

கியர் விஷயத்தை இங்கே கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். அத்தான் அதுவரை ஓட்டியது, ஆபீசுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் சாதாரண பைக். அதில் கியர் லீவர் காலின் முன்னும் பின்னும் நீண்டிருக்கும். முன்பக்கத்தைக் கால்விரலால் அழுத்தினால் கியர் இறங்கும். பின்பக்கத்தைக் குதிகாலால் அழுத்தினால் ஏறும். இரண்டுக்கும் மிதித்தால் போதும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் அந்தப் பின்பக்கம் கிடையாது. கியரை ஏற்ற வேண்டுமென்றால் லீவருக்கு அடியில் இடது காலின் நுனியை நுழைத்து, கணுக்காலிலிருந்து பாதத்தை மேலே தூக்க வேண்டும். ஓட்டுகிறவர்கள் யாரும் இதைத் தனியாக ஒரு வேலையாக நினைப்பதில்லை, தானாகவே நடக்கும்.

முதல் இலவச சர்வீசுக்கு வந்தபோதே சொன்னார். ஏதோ என் மனம் புண்பட்டுவிடுமோ என்பதுபோல, டீ குடித்து முடித்து, கிளம்பப்போகும் நேரத்தில், மூன்றாவது கியர் சில நேரம் விழவில்லை என்றார். ரெண்டிலிருந்து தூக்கினால் ஏறுவதுபோல ஏறி, நடுவில் நின்று, இன்ஜின் சும்மா கத்துகிறதாம். புது வண்டியில் இது சகஜம். பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகுகிற வரைக்கும் இறுக்கமாக இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும் என்று சொல்லி அனுப்பினேன். நாங்கள் எல்லோருக்கும் சொல்கிற பதில்தான் அது. பத்தில் ஒன்பது பேருக்கு அது உண்மையாகவும் இருக்கும்.

இரண்டாவது முறை வந்தபோது நான் ஒழுங்காகவே பார்த்தேன். சொந்தக்காரர் வண்டி என்று கூடுதல் அக்கறை எடுத்துக்கொண்டேன் என்றே சொல்லலாம். ஆயில் மாற்றினோம். கிளட்ச் கேபிளைச் சரிசெய்தோம். வண்டியை ஓட்டிப் பார்க்கிறவன் கிள்ளிப்பாலம் வரை போய்வந்தான்; வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றான். நம்பிக்கை வராமல் நானும் எடுத்துப் போனேன். ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. எங்கள் தலைமை மெக்கானிக், நெய்யாற்றின்கரைக்காரர், அவரும் ஒரு சுற்று போய்விட்டு வந்து வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினார். அத்தான் காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப் போய்ச் சொன்னார்: "வண்டிக்கு ஒரு குழப்பவும் இல்லா. ஆளுக்கு ஓடிக்கான் அறியாஞ்ஞிட்டா." வண்டியில் கோளாறு இல்லை, ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அன்றைக்குத்தான் நான் அந்த வரிகளை அடித்தேன். வாடிக்கையாளர் நகலைக் கொடுக்கும்போது 'பழக்கம்' என்ற சொல் அவர் கண்ணில் படாமல் இருக்க மடித்துக் கொடுத்தேன். அத்தான் அதை வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் படித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. எதையும் படிக்காமல் கோப்பில் வைக்கிற ஆள் இல்லை அவர்.

இதற்குப் பிறகும் அவர் வந்தார். மூன்றாவது முறை. கூச்சம் அவர் முகத்தில் அப்பிக் கிடந்தது. அன்று அவர் சொன்ன வாக்கியத்தை நான் எவ்வளவோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். "கீழ போடுதது பட்டுன்னு விழுகு மாப்ளே. மேல தூக்கும்பதான் பெலம் பத்தமாட்டேங்கு." பலம் போதவில்லை என்று அவரே சொன்னார். அந்த மேசையில் அத்தனை வருடம் உட்கார்ந்தவனுக்கு அது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. இறக்கும்போது நன்றாக விழுகிற கியர், ஏற்றும்போது மட்டும் விழவில்லை. அதுவும் மூன்று பேர் காலுக்கு விழுந்தது, ஒருவர் காலுக்கு மட்டும் விழவில்லை. இதை ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்லியிருந்தால்கூட, அப்படியானால் அந்தக் காலில் என்ன என்று கேட்டிருக்கும். நாங்கள் வண்டிக்காரர்கள். வண்டியில் குறை இல்லை என்றால் எங்களுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

அன்று அவர் பின்னாலேயே என் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். கரமனைப் பாலத்தில் ஏறும்போது தெரிந்தது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அத்தான் பாதத்தைத் தூக்கவில்லை, இடது முழங்காலையே தூக்கினார். தொடை முழுக்க மேலே எழும்பி, தொப்பென்று இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே தனியாகச் சிரித்தேன். அந்த ஓணத்துக்கு மகள் வந்திருந்தாள். எல்லோரும் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது, அத்தான் கியர் போடுகிற அழகைப் பாருங்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். மகள் சிரித்ததில் பாயசம் மூக்கில் ஏறி இருமினாள். அக்காள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தானும் சிரித்தார். இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னதுகூட அவர்தான். செய்து காட்டினேன்.

சிரிக்க வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய பைக்கில் குதிகாலால் மிதித்தே பழகிவிட்டார், அந்த வழக்கம்தான் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அப்படியானால் இந்த வண்டிக்கும் குதிகால் மிதி வைத்துவிட்டால் போயிற்று. கிள்ளிப்பாலத்தில் ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்து, லீவரின் பின்பக்கம் பொருத்துகிற மாதிரி வளைத்த இரும்புப் பட்டை ஒன்று செய்தேன். நுனியில் ரப்பர் மாட்டினேன். கம்பெனி வண்டியில் இப்படிக் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று தலைமை மெக்கானிக் முணுமுணுத்தார். அவரைச் சமாதானப்படுத்தி, வண்டி கழுவுகிற ஷெட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு மத்தியானத்தில் பொருத்தினோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அத்தான் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்து, குதிகாலால் ஓர் அழுத்து. ரெண்டு. இன்னொரு அழுத்து. மூன்று. ஹெல்மெட்டுக்குள் அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன். திரும்பி வந்ததும் என்னை இழுத்துக்கொண்டு போய் முக்கு டீக்கடையில் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். எத்தனையோ பேருக்கு வண்டி சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அன்று என் வேலையைப் பற்றி எனக்கு வந்த பெருமை அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பிறகும் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே விதுரை வழியாக போனக்காட்டுக்குப் போனார். காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிற மோசமான பாதை அது. எல்லா வளைவிலும் இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி, ஒரு தடவைகூடப் பிசகவில்லை என்று மாலையில் வந்து சொன்னார். மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு குடும்பம் இவர் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கட்டன் சாயா கொடுத்ததாம். நெல்லைப் பக்கத்திலிருந்து நாலு தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அங்கே போவது வழக்கமாயிற்று. அக்காளே ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து பொன்முடி வரை போய்வந்தாள். முதுகு போச்சு என்று புலம்பினாலும் முகம் மலர்ந்திருந்தது. நாலைந்து மாதம் அப்படிப் போயிற்று. எங்கள் ஷோரூமுக்கு அத்தானிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அந்த நாட்களில் அவருடைய கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த கியர் ஒன்றுதான், அதன் வாயை நான் கட்டிவிட்டேன்.

கிழக்கேகோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், சிக்னலில் வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றியிருக்கிறார். கணுக்கால் மடங்கிக்கொண்டது. வேகமாக விழவில்லை, வண்டியும் ஆளும் மெதுவாகச் சாய்ந்து தரையில் படுத்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள். எனக்குப் போன் செய்தபோது லேசான உரசல்தான், மணல் கிடந்தது, சறுக்கிவிட்டது என்றார். மணல் இல்லை என்று நான் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. கணுக்கால் வீங்கியிருக்கவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. அந்த இளம் டாக்டருக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அத்தானைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, இரண்டு பாதத்தையும் முகத்தைப் பார்த்து வளைக்கச் சொன்னார். வலது பாதம் நிமிர்ந்தது. இடது பாதம் அப்படியே கிடந்தது. அத்தான் முக்கினார், கழுத்து நரம்பு புடைத்தது, தொடை ஆடியது. பாதம் அசையவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த எனக்கு அந்தத் தொடை ஆடியதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஓணத்தன்று நடித்துக் காட்டியது அதைத்தான்.

ஸ்கேன் எடுத்ததில், நடு முதுகில் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வளர்ந்து நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. புற்று இல்லை. மெதுவாக வளர்கிற சாதுவான கட்டி என்று பெரிய டாக்டர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். எத்தனை நாளாகக் காலில் பலக்குறைவு என்று அவர் கேட்டார். ஒரு மாதமாக இருக்கும் என்றாள் அக்காள். ஆமாம், ஒரு மாதம் என்றார் அத்தான், என்னைப் பார்க்காமல். அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே ஷோரூமுக்குப் போய் மூன்று ஜாப் கார்டுகளையும் பிரிண்ட் எடுத்தேன். மறுநாள் காலையில் அக்காளுக்குத் தெரியாமல் டாக்டரின் அறைக்குப் போய் மேசை மேல் வைத்தேன். அவர் முதலில் இது என்ன என்று எரிச்சலோடு பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார், தேதியோடு. எட்டு மாதம். குதிகால் மிதியைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குறச்சு நேரத்தே வந்நிருந்நெங்கில்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஆபரேஷனில் கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். நசுங்கிய நரம்பு மீளவில்லை. நாளாக ஆக வலது காலும் பலம் இழந்தது. வார்டில் இருந்த நாட்களில் ஒரு மத்தியானம், அக்காள் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். அத்தான் என்னைக் கிட்டே வரச் சொன்னார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "மாப்ளே, அந்தக் குதிகால் காரியம் ஒனக்க அக்காளுக்குத் தெரியாண்டாம். அவ தாங்கமாட்டா. நீயும் அத மனசுல வச்சுக்கிட்டு நடக்காத, கேட்டியா." ஆக, அவரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "போட்டும்டே" என்றார். உப்பில்லாத சாம்பாருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார். சரி அத்தான் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். நான் தினமும் காலையில் ஷோரூமுக்குப் போகும் முன்பும், மாலையில் திரும்பும்போதும் அங்கே போவேன். முதுகில் புண் வராமல் இருக்க அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; ஒருவரால் முடியாது. பிடி தவறாமல் இருக்க அக்காள் தோளைப் பிடிப்பாள், நான் காலைப் பிடிப்பேன். எவ்வளவு பார்த்தும் இரண்டாவது மழைக்காலத்தில் புண் வந்தது, புண்ணிலிருந்து காய்ச்சல் வந்தது. கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், விடாமல் மழை கொட்டிய ஒரு காலை நேரத்தில் போய்விட்டார். அன்று முதல் அக்காள் ஒரே ஒரு எதிரியை வைத்திருந்தாள். முற்றத்தில் தார்ப்பாய் மூடி நின்ற அந்த வண்டி. குனிஞ்சு குனிஞ்சு ஓட்டித்தான் முதுகு போயிற்று, அந்தக் குலுக்கலில்தான் கட்டி வந்தது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். என்னிடம் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை. அதை வாங்க வைத்தவன் நான் என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். மாறாக, எனக்குப் பிடித்த உளுந்தஞ்சோறு பொங்கினால் எடுத்து வைத்திருந்து கொடுத்தாள்.

போன மாதம் முதல் திவசம் முடிந்தது. சொந்தங்கள் கிளம்பிப் போன பிறகு, பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே அக்காள் வண்டியைக் கொண்டுபோகச் சொன்னாள். விற்க அல்ல; உடைத்து இரும்பாகப் போட்டுவிட வேண்டும். நல்ல வண்டி, ஒழுங்காக ஒரு விலைக்குப் போகும், யாராவது ஓட்டட்டும் என்றேன். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். இன்னொரு வீட்டு ஆம்பிளையையும் அது படுக்க வைக்க வேண்டுமா என்று கேட்டாள். அவள் உண்மையாகவே அதை நம்புகிறாள், காலம் முழுக்க நம்பிக்கொண்டு இருக்கப்போகிறாள் என்று எனக்குப் பட்டது. ஒரு பாவமும் செய்யாத வண்டி அது. அத்தானுக்குக் கொடுத்த வாக்கை அன்று மீறினேன். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, முதல் சர்வீசிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மடித்துக் கொடுத்த தாள், பாலத்தில் சிரித்த சிரிப்பு, லேத் பட்டறை, டாக்டரின் அறை எல்லாவற்றையும். வண்டியில் கோளாறு இல்லை, அது அவருக்குக் காலில் கோளாறு என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது, அதைக் கேட்க முடியாமல் செய்தவன் நான் என்றேன்.

அக்காள் கையில் இருந்த உருளியைக் கீழே வைத்தாள். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் அடித்திருக்கிறாள். அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

"அதுக்கும் முந்தியேடே. வண்டி வாங்குததுக்கு முந்தியே. படியிறங்கும்ப அவருக்கு எடது கால் செருப்பு மட்டும் கழண்டு கழண்டு போவும். காலு தேஞ்சுபோச்சா ஒங்களுக்குன்னு கேட்டுச் சிரிப்பேன். பின்ன நாந்தான் சாலைக்கடையில போயி பின்னால வாரு வச்ச செருப்பா பாத்து வாங்கிக் குடுத்தேன். அப்புறம் கழரல்ல."

அப்படியானால் வண்டி காரணம் இல்லை என்று உனக்கு முதலிலிருந்தே தெரியுமே, பின் ஏன் இத்தனை நாள் அதைத் திட்டினாய் என்று கேட்டேன்.

"வேற யாரத் திட்டச் சொல்லுக?" என்றாள்.

செருப்பு விஷயத்தை ஏன் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் வைத்து அத்தான்தான் சொல்லக் கூடாது என்றாராம். நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்த நேரம். "தம்பிக்குத் தெரியாண்டாம், அவன் தாங்கமாட்டான்" என்று சொன்னாராம்.

குறை சொல்லத் தெரியாத மனிதர் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக மன்னித்து, தனித்தனியாக வாயை அடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் அன்றுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. ஒன்றரை வருடம், காலையும் மாலையும், அந்தக் கட்டிலின் தலைமாட்டில் அவளும் கால்மாட்டில் நானும் நின்று அவரைப் புரட்டினோம். ஒரு நாள்கூட நானும் அக்காளும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்ததில்லை. அவளுக்கு என்மேல் வெறுப்பு, அதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். செருப்பு விஷயத்தை நான் எப்படியோ ஊகித்துவிட்டேன், அதனால் தன்மேல் எனக்கு வெறுப்பு என்று அவள் நினைத்திருந்தாளாம்.